புதுச்சேரி ஊரகக் கொம்யூன்களில் சிறப்புக் கல்வியும் கைத்தொழிற்கல்வியும்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு அவர்களின் தேவைக்கேற்பக் கற்பிக்கும் முறை சிறப்புக் கல்வி எனப்படுகிறது. மண், மரம், துணி, காகிதம், உலோகம் போன்ற பொருள்களைக் கையாண்டு கற்கும் பள்ளிப் பாடம் கைத்தொழிற்கல்வி எனப்படுகிறது. இவ்விரண்டும் பள்ளிக் கால அட்டவணையில் தனித்தனியே இடம்பெற்றாலும், வரலாற்றிலும் நடைமுறையிலும் நெருங்கிய தொடர்புடையவை. இக்கட்டுரை புதுச்சேரி மாவட்டத்தின் வில்லியனூர், பாகூர் ஆகிய ஊரகக் கொம்யூன்களை மையமாகக் கொண்டு இத்தொடர்பை விளக்குகிறது. நகரிலுள்ள சிறப்புப் பள்ளிக்கு நாள்தோறும் சென்றுவர இயலாத கிராமப்புறக் குழந்தைக்கு, அருகிலுள்ள பொதுப் பள்ளியின் கைத்தொழில் வகுப்பு கல்விக்குள் நுழையும் வாயிலாக அமையலாம். அதே வகுப்பு, பாடம் கற்பிக்காமல் குழந்தையை ஒதுக்கி உட்காரவைக்கும் இடமாகவும் மாறிவிடலாம். இவ்விரண்டில் எது நிகழ்கிறது என்பது கற்பிக்கும் முறையைப் பொறுத்தது.

பகுதியின் அமைப்பு

புதுச்சேரி மாவட்டத்தில் புதுச்சேரி, உழவர்கரை ஆகிய இரண்டு நகராட்சிகளும், அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவு பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்ந்து வருவது. வில்லியனூர் நகரின் மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், விழுப்புரம் செல்லும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்துள்ளது. பாகூர் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது. பாகூர் ஏரியை நம்பிய நெல், கரும்பு வேளாண்மை இப்பகுதியின் அடையாளம்.

பாகூரின் கல்வி வரலாறு பழமையானது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன.

புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பாகூர்ப் பகுதியில் ஒரு சாலையில் செல்லும்போதே தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரி எல்லையும் மாறி மாறி வரும். எல்லைக்கு இப்புறம் வாழும் குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளி அப்புறம் இருக்கக்கூடும். உதவித்தொகை, உதவி உபகரணம், பேருந்துச் சலுகை போன்றவற்றில் பல, குடியிருக்கும் மாநிலம் அல்லது ஒன்றியப் பகுதியைப் பொறுத்தே வழங்கப்படுவதால், இந்த எல்லை மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் குடும்பங்களுக்குப் பெரிய விஷயமாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 30,189 ஆகும். செவித்திறன், பார்வைத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்கான அரசின் ஆனந்தரங்கப்பிள்ளை சிறப்புப் பள்ளி நகரின் வடபுறம் பிள்ளைச்சாவடியில் உள்ளது. 2003-இல் தொடங்கப்பட்ட சத்யா சிறப்புப் பள்ளி, தன்னார்வ நிறுவனங்களில் குறிப்பிடத்தக்கது. பாகூரிலிருந்து பிள்ளைச்சாவடிக்குச் செல்ல நகரை முழுவதும் கடக்க வேண்டும். இரண்டு பேருந்து மாறிச் செல்லும் பயணத்தில் பெற்றோரில் ஒருவர் உடன் செல்ல நேர்ந்தால், அவருடைய அன்றைய கூலி போய்விடும். எனவே ஊரகக் குழந்தைகளுக்குத் தங்கள் ஊர்ப் பள்ளியே முதன்மையான வாய்ப்பாக அமைகிறது.

வரலாற்றுப் பின்னணி

கைவழிக் கல்வியின் தோற்றம்

சிறப்புக் கல்வியின் தொடக்கமே கைகளின் பயிற்சியில்தான் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் இதார், காட்டில் கண்டெடுக்கப்பட்ட விக்டர் என்னும் சிறுவனுக்குத் தொடுதல், பார்த்தல், கேட்டல் ஆகிய புலன்களின் வழியே கற்பிக்க முயன்றார். அவருடைய மாணவரான எதுவார் செகேன், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கு வடிவப் பலகை, மணி கோத்தல், பொத்தான் போடுதல் போன்ற பயிற்சிகளை வகுத்தார். மரியா மாண்ட்டிசோரி உரோமில் இத்தகைய குழந்தைகளிடம் செகேனின் முறைகளைப் பயன்படுத்தி, பிறகு அவற்றை எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய கல்வி முறையாக விரித்தார். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று மழலையர் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் பல கற்றல் கருவிகள், முதலில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக உருவானவை.

பொதுப் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கிய முன்னோடி நாடு பின்லாந்து. அங்கு 1866-இல் இது கட்டாயப் பாடமானது. பிறகு சுவீடனில் ஓட்டோ சாலமன் இதை ஆசிரியர் பயிற்சியாக வளர்த்தார். இம்முறை 'சுலாய்டு' எனப்பட்டது. தொழிலாளர்களை உருவாக்குவதற்காக அல்லாமல், கவனம், துல்லியம், தன்னம்பிக்கை ஆகியவற்றை வளர்ப்பதற்காகவே இக்கைவேலைகள் கற்பிக்கப்பட்டன. இந்தியாவில் 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற ஒரு தொழிலை மையமாக்கி மற்றப் பாடங்களைக் கற்பிக்க முனைந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954-இல் இந்தியாவுடன் இணைந்த பின், புதுச்சேரி, காரைக்கால் பகுதிப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. 1964-66 கோத்தாரி ஆணையம் 'பணியனுபவம்' என்னும் பாடத்தைப் பரிந்துரைத்தது. 1977-இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு அதைச் 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என விரிவாக்கியது. தையல், நெசவு, தோட்டவேலை, ஓவியம் போன்ற வகுப்புகள் இவ்வழியே பள்ளிகளில் இடம்பெற்றன.

குலக்கல்வி எதிர்ப்பும் அதன் பாடமும்

தமிழ்ச் சூழலில் கைத்தொழிற்கல்வி குறித்த எந்த விவாதமும் 1953-ஆம் ஆண்டை நினைவுபடுத்தும். அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கப் பள்ளி மாணவர்கள் ஒரு வேளை பள்ளியிலும் மறு வேளை பெற்றோரின் தொழிலிலும் ஈடுபடும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிறப்பால் அமைந்த தொழிலுக்குள்ளேயே குழந்தையை நிறுத்திவிடும் 'குலக்கல்வித் திட்டம்' என இது கடுமையாக எதிர்க்கப்பட்டது. காமராசர் முதலமைச்சரான பின் 1954-இல் கைவிடப்பட்டது.

இந்த எதிர்ப்பின் அடிப்படை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் பொருந்தும். சாதியைப் பார்த்துத் தொழிலை முடிவு செய்வது தவறு என்றால், உடலின் அல்லது அறிவின் நிலையைப் பார்த்து 'இவனுக்கு மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுத்தால் போதும்' என முடிவு செய்வதும் தவறே. அதனால் கைத்தொழில், எழுத்து, எண் ஆகியவற்றுக்கு மாற்றாக அல்லாமல் அவற்றோடு சேர்ந்தே கற்பிக்கப்பட வேண்டும் என்பது இன்றைய சிறப்புக் கல்வியின் ஏற்கப்பட்ட நெறியாகும்.

சட்டங்களும் திட்டங்களும்

தென்னிந்தியாவில் சிறப்புப் பள்ளிகளின் வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர், காதுகேளாதோர் பள்ளிகளுடன் வலுப்பெற்றது. பொதுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைச் சேர்ப்பதற்கான நடுவண் அரசின் திட்டம் 1974-இல் தொடங்கியது. அதன் பின் வந்த முக்கிய நடவடிக்கைகள்:

1992: இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம். சிறப்பாசிரியர்களின் பயிற்சியும் பதிவும் இதன்கீழ் வருகின்றன.

1995: மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம். 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழிசெய்தது.

1999: தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கானது.

2009: கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

2016: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. தேர்வு செய்யும் உரிமை குழந்தைக்கு உரியது. 'எங்கள் பள்ளியில் வசதியில்லை, சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்' என அருகமைப் பள்ளி திருப்பி அனுப்புவதற்கு இச்சட்டத்தில் இடமில்லை.

2018 முதல் நடைமுறையில் உள்ள சமக்ர சிக்ஷா திட்டம், மாற்றுத்திறன் கொண்ட மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 3,500 என்னும் அளவில் நிதி ஒதுக்குகிறது. மாணவியருக்கு மாதம் ரூ. 200 வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை தனியே வழங்கப்படுகிறது. கடுமையான குறைபாட்டால் பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும் இத்திட்டத்தில் அடங்கும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ்குமார் பாண்டே வழக்கில், தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதத்தைக் குறிப்பிட்டது. பணியிடங்கள் நிரப்பப்படும் வரை, ஒரே ஆசிரியர் பல பள்ளிகளுக்குச் சென்று கற்பிக்கும் முறையையும் அனுமதித்தது.

வகுப்பறை நடைமுறை

தனிநபர் கல்வித் திட்டம்

ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் வகுப்பது சிறப்பாசிரியரின் முதற்பணி. குழந்தையால் இப்போது எதைத் தானே செய்ய முடிகிறது, எதை உதவியுடன் செய்ய முடிகிறது, அடுத்த மூன்று மாதங்களில் எதைக் கற்க வேண்டும் என்பவை அதில் பதியப்படும். கைத்தொழில் ஆசிரியரும் பெற்றோரும் இத்திட்டத்தில் பங்கெடுக்கும்போதுதான் பயன் கிடைக்கிறது. ஊசியைப் பிடிக்கப் பழகும் விரல்களே எழுதுகோலையும் பிடிக்கப்போகின்றன. இரண்டு ஆசிரியர்களும் தனித்தனியே இயங்கினால் இத்தொடர்பு தவறிப்போகும்.

பணியைப் பகுத்தல்

அறிவுசார் குறைபாடுடைய குழந்தைக்கு ஒரு வேலையைக் கற்பிக்க, அது சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. இதற்குப் பணிப் பகுப்பாய்வு என்று பெயர். எடுத்துக்காட்டாக, கையால் அகல் விளக்கு செய்வதைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. பிசைந்த களிமண்ணில் எலுமிச்சை அளவு எடுத்தல்.
2. உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுதல்.
3. உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி அமுக்குதல்.
4. விளிம்பைச் சுற்றி ஒரே கனமாகக் கிள்ளி உயர்த்துதல்.
5. ஒரு பக்கத்தை இழுத்துத் திரிக்கு மூக்கு அமைத்தல்.
6. ஈரவிரலால் மேற்பரப்பைத் தடவிச் சமப்படுத்துதல்.
7. நிழலில் காயவைத்தல்.

முதல் படியிலிருந்து தொடங்காமல் கடைசிப் படியிலிருந்து தொடங்கும் முறையும் உண்டு. ஆசிரியர் ஆறு படிகளைச் செய்து கொடுக்க, குழந்தை ஏழாவதை மட்டும் செய்யும். அடுத்து ஆறாவதையும் ஏழாவதையும் செய்யும். இம்முறையில் ஒவ்வொரு நாளும் வேலையை 'முடித்தவர்' குழந்தையாகவே இருப்பதால் ஊக்கம் குறைவதில்லை.

ஒவ்வொரு படியிலும் ஒரு பாடம் உள்ளது. எலுமிச்சை அளவு என்பது அளவையியல், ஒரே கனம் என்பது ஒப்பீடு. வெயிலில் வைத்த விளக்கு ஏன் வெடிக்கிறது என்பது அறிவியல்: வெளிப்புறம் விரைந்து உலர்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருப்பதால் விரிசல் விழுகிறது. பத்து விளக்குகளை எண்ணி அடுக்குவது எண்ணறிவு. எல்லாக் குழந்தைகளும் கலந்திருக்கும் வகுப்பில், ஒருவர் ஏழு படிகளையும் கற்கலாம், மற்றொருவர் அதே மேசையில் விளக்கின் கொள்ளளவைக் கணக்கிடலாம்.

குறைபாட்டுக்கேற்ற மாற்றங்கள்

பார்வைத்திறன் குறைபாடு: அளவுகோலில் விரலால் உணரத்தக்க வெட்டுக் குறிகள் இடப்படுகின்றன. கருவிகள் எப்போதும் ஒரே இடத்தில் ஒரே வரிசையில் வைக்கப்பட வேண்டும்.

செவித்திறன் குறைபாடு: ஆசிரியர் முதலில் விளக்கிவிட்டுப் பிறகு செய்துகாட்ட வேண்டும். வேலையைப் பார்க்கும் கண்களால் அதே நேரத்தில் சைகையையோ உதட்டசைவையோ பார்க்க முடியாது. இயந்திர ஒலியைக் கேட்க இயலாதவருக்கு, இயந்திரம் ஓடுவதைக் காட்டும் விளக்கு தேவை.

மூளை முடக்குவாதம்: கைப்பிடிகள் துணி அல்லது நுரைப்பட்டை சுற்றித் தடிப்பாக்கப்படுகின்றன. பொருளை அசையாமல் பிடிக்க மேசைப் பிடி பொருத்தப்படுகிறது. உட்காரும் நிலை சரியாக இருந்தால் மட்டுமே கை சீராக இயங்கும் என்பதால், நாற்காலியின் உயரமும் கால் ஊன்றும் பலகையும் முக்கியமானவை.

ஆட்டிசம்: வேலையின் படிகள் படங்களாக ஒட்டப்படுகின்றன. சில குழந்தைகளுக்கு ஈரக் களிமண்ணின் தொடுகை தாங்க முடியாததாக இருக்கும். அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் காகிதம், மணி, நூல் போன்ற வேறு பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும்.

வலிப்பு நோய் உள்ள குழந்தைகளைச் சூளை, சுழலும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே தனியே விடக்கூடாது. கால் மிதியை இயக்க முடியாதவர்கள் கையால் சுற்றும் தையல் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். துணி அல்லது மரத்தை ஒரே அளவில் வெட்ட உதவும் அளவுக் கட்டை, எண்களை அறியாதவரும் துல்லியமாக வேலை செய்ய வழிவகுக்கிறது. இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவற்றை உள்ளூர்த் தச்சரே குறைந்த செலவில் செய்து தர முடியும்.

உள்ளூர்த் தொழில்கள்

வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும், மண்ணாடிப்பட்டு கொம்யூனிலுள்ள திருக்கனூரின் காகிதக்கூழ் கைவினைக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. வில்லியனூர்ப் பகுதிச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். இவ்விரு கைவினைகளும் சிறப்புக் கல்விக்கு ஏற்ற பல தன்மைகள் கொண்டவை. மூலப்பொருள் விலை குறைவு. களிமண்ணில் தவறு நேர்ந்தால் மீண்டும் பிசைந்து தொடங்கலாம். காகிதக்கூழ் வேலையில் காகிதத்தைக் கிழித்தல், ஊறவைத்தல், அரைத்தல், அச்சில் அழுத்துதல், உலர்த்துதல், வண்ணம் தீட்டுதல் எனப் பல நிலைகள் இருப்பதால், வெவ்வேறு திறன் கொண்டவர்கள் ஒரே பொருளில் இணைந்து வேலை செய்யலாம்.

ஆனால் கைவினை மட்டுமே வாய்ப்பு என எண்ணுவது சரியன்று. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் உள்ளன. பொருள்களைத் தரம் பிரித்தல், பொதி கட்டுதல், பகுதிகளை இணைத்தல் போன்ற பணிகள் அங்கு உண்டு. நாற்றங்கால், கறவை மாடு வளர்ப்பு, காய்கறித் தோட்டம், தையல், கணினித் தரவுப் பதிவு ஆகியவையும் பள்ளிப் பயிற்சிக்கு உரியவை. 2023-இல் வெளியான பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், தொழிற்கல்வியை உயிர்களோடு பணிபுரிதல், இயந்திரங்கள் மற்றும் பொருள்களோடு பணிபுரிதல், மக்கள் சேவைப் பணி என மூன்றாகப் பிரித்துள்ளது. ஒரு மாணவர் மூன்றையும் தொட்டுப் பார்த்த பின்னரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

தேர்வும் சான்றிதழும்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. தொடக்க வகுப்புகளில் 2014-15 முதல் தொடங்கிய இம்மாற்றம், 2023-24-இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கும் 11-ஆம் வகுப்புக்கும் விரிவானது.

இம்மாற்றத்தால் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்குச் சில வழிகள் திறந்துள்ளன. 10-ஆம் வகுப்பில் அவர்கள் இரண்டு மொழிகளுக்குப் பதிலாக ஒரு மொழி மட்டும் எடுத்து, மற்ற நான்கு பாடங்களை வாரியத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். இசை, ஓவியம், மனையியல் போன்றவையும் அப்பட்டியலில் அடங்கும். தேர்வு எழுத உதவியாளரையும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்னும் அளவில் கூடுதல் நேரத்தையும் பெறலாம். எல்லா மாணவர்களுக்கும் பொதுவான மற்றொரு விதியும் உண்டு: திறன் பாடம் ஒன்றை ஆறாவது பாடமாக எடுத்தவர், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் தவறினால், தேர்ச்சி பெற்ற திறன் பாடம் அதன் இடத்தில் கணக்கிடப்படும்.

கணிதத்தில் தவறியதால் பள்ளிச் சான்றிதழே இல்லாமல் வெளியேறும் நிலையை இவ்விதிகள் தவிர்க்க உதவுகின்றன. ஆனால் பாடங்களைப் பதிவு செய்வது 9-ஆம் வகுப்பிலேயே நடைபெறுவதால், அதற்கு முன்பே பள்ளியும் பெற்றோரும் முடிவெடுத்து, மருத்துவச் சான்றையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் பெற்றிருக்க வேண்டும். 10-ஆம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

சிக்கல்கள்

ஒதுக்கிவைத்தல்: கணித, மொழி வகுப்புகள் நடக்கும்போது குழந்தையைக் கைவேலை அறைக்கு அனுப்பிவிடுவது பொதுவாகக் காணப்படும் தவறு. பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், கல்வி நடைபெறாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: 'ஆபத்து' எனக் கூறிக் கத்தரிக்கோலையோ உளியையோ தொடவிடாமல் வேடிக்கை பார்க்க வைப்பது.

விற்பனைக்காகச் செய்தல்: கண்காட்சியில் வைக்கப்படும் பொருளை ஆசிரியரே முடித்துக் கொடுத்தால், பொருள் அழகாக இருக்கும், குழந்தை எதையும் கற்றிருக்காது. செய்த பொருள் விற்கப்பட்டால் அதன் பணத்தில் செய்தவருக்குப் பங்கு தருவது, பணத்தைக் கையாளக் கற்பிக்கும் வாய்ப்பும் ஆகும்.

ஆசிரியர் பற்றாக்குறை: பல பள்ளிகளுக்குச் செல்லும் சிறப்பாசிரியர் ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஓரிரு நாள்களே வர முடியும். மற்ற நாள்களில் வகுப்பாசிரியரும் கைத்தொழில் ஆசிரியருமே பொறுப்பு. அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி இல்லையெனில் தனிநபர் கல்வித் திட்டம் கோப்பில் மட்டுமே இருக்கும்.

பால் வேறுபாடு: பெண் குழந்தைகளுக்குத் தையல், ஆண் குழந்தைகளுக்குத் தச்சு என்னும் பழைய பிரிவினை பல இடங்களில் தொடர்கிறது. பருவமடைந்தபின் மாற்றுத்திறன் கொண்ட பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு. அணுகத்தக்க கழிப்பறையும் பாதுகாப்பான பயண ஏற்பாடும் இல்லாததே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பள்ளிக்குப் பின்

18 வயதோடு இலவசக் கல்வி உரிமை முடிகிறது. சிறப்பாசிரியரின் வருகையும் பள்ளி உதவிகளும் அத்துடன் நின்றுவிடுவதால், குடும்பங்கள் அதிகம் அஞ்சும் காலம் இதுவே. இதற்கான ஆயத்தம் 14 வயதளவில் தொடங்க வேண்டும் எனச் சிறப்புக் கல்வியாளர்கள் கருதுகின்றனர். தனியாகப் பேருந்தில் செல்வது, மணி பார்ப்பது, கூலியை எண்ணி வாங்குவது, உடல்நிலை சரியில்லை என மேலாளரிடம் சொல்வது ஆகியவை எந்தத் தொழிலுக்கும் முன்தேவைகள்.

இக்காலத்தில் பயன்படும் சில அமைப்புகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்கள் பல தொழில்பிரிவுகளில் பயிற்சி தருகின்றன. புதுச்சேரியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் திறன் மதிப்பீடும் வழிகாட்டலும் அளிக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடஒதுக்கீடு வழங்குகிறது. அறிவுசார் குறைபாடு போன்ற நிலைகளில், 18 வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அச்சட்டத்தின்கீழ் வருவோருக்கு நிராமயா காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ. 1 இலட்சம் வரையிலான மருத்துவச் செலவை ஏற்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம், மதிப்பீடு, சிகிச்சை, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு இப்பகுதியினருக்கு எட்டும் தொலைவில் உள்ளது.

பள்ளியில் நல்ல முறையில் நடத்தப்பட்ட கைத்தொழில் வகுப்பின் பயன் இக்கட்டத்தில் வெளிப்படுகிறது. கற்ற தொழிலையே ஒருவர் தொடர வேண்டும் என்பதில்லை. ஒரு வேலையைத் தொடங்கி, படிகளை நினைவில் கொண்டு, தவறைத் தானே கண்டு திருத்தி, முடித்துக் கொடுக்கும் பழக்கம் எந்த வேலைக்கும் அடிப்படையாகிறது. அப்பழக்கத்தைத் தம் ஊர்ப் பள்ளியிலேயே, மற்றக் குழந்தைகளோடு ஒரே மேசையில் அமர்ந்து பெறுவது வில்லியனூர், பாகூர் போன்ற பகுதிகளின் குழந்தைகளுக்குச் சட்டம் அளிக்கும் உரிமையாகும்.